‘காப்பி அடிச்சா’ ஓவியம் வருமா? ஆயில் பெயின்டிங் கற்றுத்தரும் 360 வருஷத்துப் பழைய சமையலறை

பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்தால் மார்க் போகும். ஆபீஸில் காப்பி அடித்தால் வேலையே போகலாம். ஆனால் ஆயில் பெயின்டிங் கற்க வருகிறவர்களிடம், ‘முதலில் ஒரு பழைய ஓவியத்தை அப்படியே காப்பி அடி’ என்று சொல்லும் வழக்கம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. ரூபன்ஸ், டிசியானின் ஓவியங்களைக் காப்பி செய்தார். வான்கோ, மில்லேயின் ஓவியங்களைக் காப்பி செய்தார். தேகா, மத்தீஸ் எல்லோருமே பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஈசலை நிறுத்திவைத்து காப்பி செய்தவர்கள்தான்.

இப்போது போனில் ஒரு வரி டைப் செய்தால் ‘பழைய டச்சு ஓவியம் மாதிரி’ ஒரு படம் சில விநாடிகளில் வந்துவிடுகிறது. அப்படியிருக்க, வார இறுதிகளை எல்லாம் செலவழித்து, ஏற்கெனவே இருக்கும் ஓர் ஓவியத்தைக் கையால் திரும்ப வரைவதால் என்ன கிடைக்கும்? இது திருட்டு இல்லையா? எங்கிருந்து தொடங்குவது? ஒரே ஓர் ஓவியத்தை வைத்துப் பார்ப்போம்.

எந்த ஓவியம்?

யோஹன்னஸ் வெர்மீர் வரைந்த ‘தி மில்க்மெய்டு’. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632இல் பிறந்து, 1675இல் இறந்தவர் வெர்மீர். இன்று அவருடையதாக ஏற்கப்படும் ஓவியங்கள் மூன்று டஜன் அளவுக்குத்தான் இருக்கும். அவற்றில் பல, ஜன்னலோரம் ஓர் அறை, அதில் ஒருவரோ இருவரோ என்ற அளவில் நின்றுவிடும் காட்சிகள்.

‘தி மில்க்மெய்டு’ சுமார் 1660ஐ ஒட்டி வரையப்பட்டது. ஒரு சமையலறை மூலை. இடதுபக்கம் ஜன்னல். வேலைக்காரப் பெண் ஒருவர் மண்குடுவையிலிருந்து பாலை ஊற்றிக்கொண்டிருக்கிறார். மேசையில் ரொட்டி, சுவரில் தொங்கும் கூடை, பளபளக்கும் உலோகப் பாத்திரம். அவ்வளவுதான். கதை இல்லை, ராஜா ராணி இல்லை. ஆனால் 1696இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஏலத்திலேயே இது 175 கில்டர்களுக்கு விலைபோனது. 1908 முதல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது.

கற்பவர்களுக்கு இது ஏன் பொருத்தம்? முதலில், சின்ன ஓவியம். உயரம் 45.5 சென்டிமீட்டர், அகலம் 41 சென்டிமீட்டர். இரண்டாவது, ஒரே ஜன்னல், ஒரே திசையிலிருந்து வரும் வெளிச்சம். மூன்றாவது, சுவர், துணி, மண்பாண்டம், ரொட்டி, கூடை, தோல் என்று பலவகைப் பரப்புகள் ஒரே படத்தில் கிடைக்கின்றன. நான்காவது, ரைக்ஸ்மியூசியம் தன் இணையதளத்தில் இதன் உயர் தெளிவுத்திறன் படத்தை இலவசமாக டவுன்லோடு செய்யத் தருகிறது. ஆம்ஸ்டர்டாமுக்கு டிக்கெட் எடுக்காமலே, ரொட்டியின் மீதிருக்கும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும் போனில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

காப்பி, போலி: கோடு எங்கே?

ஓவியரின் காப்புரிமைக் காலம் முடிந்திருந்தால் அவருடைய ஓவியத்தைக் காப்பி செய்யத் தடை இல்லை. இந்தியாவில் ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கிறது. வெர்மீர் இறந்து 350 ஆண்டுகள் ஆகின்றன. 1906இல் இறந்த ரவிவர்மாவின் ஓவியங்களுக்கும் அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று வாழும் ஓவியர் ஒருவரின் படைப்பு என்றால் கதை வேறு.

அருங்காட்சியகங்களே இதற்கு விதிமுறை வைத்திருக்கின்றன. லூவர் 1793இல் திறக்கப்பட்ட காலம் தொட்டே ஓவியர்களை உள்ளே உட்கார்ந்து காப்பி செய்ய அனுமதிக்கிறது. முக்கியமான நிபந்தனை, காப்பி மூல ஓவியத்தின் அளவில் இருக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்காவது பெரியதாகவோ சிறியதாகவோ இருக்க வேண்டும். மூல ஓவியரின் கையெழுத்தையும் போடக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? அதற்குப் பதில், ஹான் வான் மீகரன். நெதர்லாந்துக்காரரான இவர் வெர்மீரின் ஒரு ஓவியத்தைக்கூட காப்பி செய்து விற்கவில்லை. ‘இதுவரை யாரும் பார்க்காத வெர்மீர்’ என்று புதிதாகவே வரைந்து விற்றார். எண்ணெய் வண்ணம் முழுசாக இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், பேக்கலைட் வகைப் பிசினைக் கலந்து சூடேற்றி, பழைய ஓவியம் போல இறுக வைத்தார். அவற்றில் ஒன்று நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்கே போனது. 1945இல், நாட்டின் செல்வத்தை எதிரிக்கு விற்றதாகக் கைதான பிறகு, ‘அது வெர்மீர் இல்லை, நான் வரைந்தது’ என்று ஒப்புக்கொண்டு, அதை நிரூபிக்கக் காவலில் இருந்தபடியே இன்னொரு ‘வெர்மீர்’ வரைந்துகாட்டினார். 1947இல் ஓராண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதை அனுபவிக்கும் முன்பே அந்த ஆண்டின் கடைசியில் இறந்துபோனார்.

ஆக, தப்பு காப்பியில் இல்லை, பொய்யில் இருக்கிறது. நீங்கள் வரைவதன் பின்பக்கத்தில் ‘வெர்மீரைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போட்டுவிடுங்கள். இன்ஸ்டாவில் போடும்போதும் அதையே சொல்லுங்கள்.

முதல் படி: 90 கட்டங்கள்

ஐந்தில் ஒரு பங்கு சிறியதாக வரைவதென்றால், கேன்வாஸில் உங்கள் படத்தின் அளவு 36.4 × 32.8 சென்டிமீட்டர். மூலப் படத்தின் பிரிண்ட் ஒன்றை எடுத்து, உயரத்தை 10 பங்காகவும் அகலத்தை 9 பங்காகவும் பிரித்தால், கிட்டத்தட்டச் சதுரமான 90 கட்டங்கள் கிடைக்கும். கேன்வாஸிலும் அதேபோல 90 கட்டங்கள். ஒவ்வொன்றும் சுமார் 3.6 சென்டிமீட்டர். ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்து மாற்றினால் போதும்.

‘கட்டம் போட்டு வரைவது ஏமாற்று வேலையாச்சே!’ என்று தோன்றலாம். வெர்மீரும் இப்படிப்பட்ட உதவிகளைப் பயன்படுத்தியவர்தான். அவருடைய பல ஓவியங்களில், கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் புள்ளியில், கேன்வாஸில் ஒரு சின்ன ஊசித் துளை கண்டறியப்பட்டிருக்கிறது. அங்கே ஊசியைக் குத்தி, அதில் சாக்கட்டிப் பொடி தடவிய நூலைக் கட்டி, இழுத்துச் சுண்டினால் நேர்கோடு விழும். நம்மூரில் கொத்தனாரும் தச்சரும் நூல் அடிப்பார்களே, அதே வித்தைதான். ‘தி மில்க்மெய்டு’ ஓவியத்தில் அந்தத் துளை, பெண்ணின் வலது கைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஜன்னலின் கோடுகளை ஸ்கேலால் நீட்டிப் பார்த்தால் அங்கேதான் போய்ச் சேரும். அதாவது, பார்ப்பவரின் கண் பால் ஊற்றும் கையின் பக்கமே இழுக்கப்படுகிறது. காப்பி செய்யும்போது கிடைக்கும் முதல் பாடம் இது.

இரண்டாம் படி: நிறமே இல்லாத ஓவியம்

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, நேராக நிறத்துக்குப் போவது. டச்சு ஓவியர்கள் அப்படிப் போகவில்லை. முதலில் பழுப்பு, கறுப்பு, வெள்ளை மாதிரியான ஓரிரு நிறங்களில் இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் அமைப்பார்கள். இதற்கு டச்சு மொழியில் ‘செத்த வண்ணம்’ என்று பொருள்படும் பெயர் உண்டு. உயிர் அதன் மேல் வரப்போகிறது.

போனில் படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். கேன்வாஸின் வெள்ளையை முதலில் மெல்லிய பழுப்பு பூசி அடக்கிவிட்டு, ரா அம்பர் என்ற பழுப்பையும் வெள்ளையையும் மட்டும் வைத்து ஐந்து அளவு வெளிச்சத்தில் முழுப் படத்தையும் வரையுங்கள். ரா அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். மெல்லிய பூச்சு என்றால் ஓரிரு நாளில் தொட்டுப் பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை வரைந்தால் அடுத்த சனிக்கிழமை மேலே வேலை செய்யலாம். ஆபீஸ் போகிறவர்களுக்கு இது தோதான வேகம்.

இங்கேதான் சுவர் உங்களைச் சோதிக்கும். ‘வெள்ளைச் சுவர்தானே’ என்று வெள்ளையை அடித்தால் படம் தட்டையாகிவிடும். ஜன்னலை ஒட்டிய சுவர்தான் அதிக வெளிச்சமாக இருக்கும் என்று மூளை சொல்லும். ஓவியத்தைப் பார்த்தால் தலைகீழ். ஜன்னலுக்குப் பக்கத்து மூலை மங்கல். வலதுபக்கம் போகப்போகச் சுவர் பிரகாசமாகிறது. ஜன்னல் வெளிச்சம் தன் சுவரின் மீது விழாது, எதிரே தள்ளித்தான் விழும். உங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தாலும் இது தெரியும். ஆனால் வரைய உட்காரும்வரை யாரும் கவனிப்பதில்லை.

மூன்றாம் படி: நிறம், அதன் மேல் நிறம்

இந்த ஓவியத்தின் மஞ்சளும் நீலமும் புகழ்பெற்றவை. சட்டையின் மஞ்சள், ஈயமும் தகரமும் சேர்ந்த மஞ்சள். 18ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்து, ஓவியர்கள் மறந்தே போன இந்த நிறத்தை, 1941இல் ஜெர்மனியின் ரிச்சர்ட் யாக்கோபி மீண்டும் அடையாளம் கண்டார். ஏப்ரனின் நீலம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி கல்லை அரைத்தெடுத்த அல்ட்ராமரைன். அந்தக் காலத்தில் மிக விலையுயர்ந்த நிறங்களில் ஒன்று. அதை ஒரு வேலைக்காரப் பெண்ணின் ஏப்ரனுக்குத் தாராளமாகச் செலவிட்டிருக்கிறார் வெர்மீர்.

நமக்கு அந்தச் செலவு இல்லை. 1820களின் பிற்பகுதியில் பிரான்ஸில் செயற்கை அல்ட்ராமரைன் உருவாக்கப்பட்டது. இன்று ஆர்ட் கடையில் ‘பிரெஞ்ச் அல்ட்ராமரைன்’ என்று டியூபில் விற்பது அதுதான். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் ஈயத்தைத் தேடிப் போகாதீர்கள். அது விஷம். டைட்டானியம் வெள்ளையும், ஈயம் கலக்காத லெமன் மஞ்சளும் கற்பதற்குப் போதும்.

சரியான நிறத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. சாம்பல் நிற அட்டையில் மிளகு அளவு ஓட்டை போட்டு, அதைப் பிரிண்ட் மேல் வைத்துப் பாருங்கள். ‘இது முகம், இது ரொட்டி’ என்ற பெயர்கள் மறைந்து வெறும் நிறம் மட்டும் தெரியும். முகத்தின் நிழலில் பச்சை கலந்த பழுப்பும், வெள்ளைத் துணியின் மடிப்பில் நீலச் சாம்பலும் இருப்பது அப்போதுதான் பிடிபடும்.

அடுக்குகளுக்கு ஒரு விதி உண்டு: கீழே எண்ணெய் குறைவு, மேலே எண்ணெய் அதிகம். தண்ணீர் வண்ணம் காய்வது தண்ணீர் ஆவியாவதால். ஆளிவிதை எண்ணெய் அப்படி அல்ல. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஒரு திடமான படலமாக மாறுகிறது. எண்ணெய் அதிகம் உள்ள அடுக்கு மெதுவாகக் காயும், காய்ந்தபின் சற்று வளைந்துகொடுக்கும். அது கீழேயும், சீக்கிரம் இறுகும் அடுக்கு மேலேயும் இருந்தால், மேல் அடுக்கு வெடிக்கும். சிமென்ட் ஈரம் காயும் முன் பெயின்ட் அடித்த சுவர் என்ன ஆகும் என்று தெரியுமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

நான்காம் படி: எங்கே நிறுத்துவது?

படத்தைப் பெரிதாக்கி ரொட்டியைப் பாருங்கள். அங்கே ரொட்டியின் விவரங்கள் இல்லை. கெட்டியான வெளிர் புள்ளிகள் இருக்கின்றன. தள்ளிநின்று பார்த்தால் அவையே மொறுமொறுப்பான மேலோடாகத் தெரிகின்றன. பெண்ணின் வலதுபக்க ஓரத்தில், அதாவது நமக்கு வலப்புறம், ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது. நிஜத்தில் அப்படி ஒரு கோடு எந்த உடலைச் சுற்றியும் இருக்காது. நிழலில் இருக்கும் உருவத்தை வெளிச்சமான சுவரிலிருந்து பிரித்து முன்னே கொண்டுவர வெர்மீர் செய்த ஏற்பாடு அது. இன்னொரு பக்கம், சுவரில் ஆணியையும், பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகளையும், ஆணியின் நிழலையும்கூட விடாமல் வரைந்திருக்கிறார்.

எதைப் பொறுமையாக வரைவது, எதைப் புள்ளியோடு விட்டுவிடுவது என்ற இந்தக் கணக்கை எந்த வீடியோவும் முழுதாகச் சொல்லித்தந்துவிட முடியாது. கை அதே முடிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்க்கும்போதுதான் புரியும்.

அழிக்கப்பட்டது கற்றுத்தருவது என்ன?

2022இல் ரைக்ஸ்மியூசியம் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. அகச்சிவப்பு, எக்ஸ்ரே அடிப்படையிலான கருவிகளால் ‘தி மில்க்மெய்டு’ ஓவியத்தை ஆராய்ந்தபோது, பெண்ணின் தலைக்குப் பின்னால் குடுவைகளை மாட்டிவைக்கும் பலகை ஒன்று முதலில் வரையப்பட்டு, பிறகு மறைக்கப்பட்டது தெரியவந்தது. கீழே வலதுபக்கம், நெருப்புச் சட்டி வைக்கும் கூடை ஒன்றும் இருந்திருக்கிறது. இன்று அந்த இடங்களில் வெறும் சுவரும், தரையில் ஒரு சின்னக் கால் சூடேற்றும் பெட்டியும்தான். அடியில் கறுப்பு வண்ணத்தில் வேகவேகமாக இழுத்த முன்வரைவும் தெரிந்தது. ‘மிக மெதுவாக, தப்பே இல்லாமல் வரைந்தவர்’ என்று வெர்மீர் பற்றி இருந்த எண்ணத்தையே இது அசைத்துவிட்டது.

கற்பவருக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. அந்த அமைதியான வெற்றுச் சுவர் முதல் முயற்சியிலேயே வந்தது அல்ல. வரைந்து, யோசித்து, எடுத்துவிட்ட பிறகு மிஞ்சியது. காப்பி செய்பவர் அந்தச் சுவரை வரைய ஒரு முழு வார இறுதியைச் செலவிடுவார். ‘இங்கே ஒன்றுமே இல்லையே, ஏன் இவ்வளவு நேரம்?’ என்ற எரிச்சல் வரும். அந்த ‘ஒன்றுமில்லாத’ இடம்தான் ஓவியரின் பெரிய முடிவு.

கருவி வைத்துப் பொருத்தினால் போதாதா?

இதையும் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனர் டிம் ஜெனிசன், ஓவியப் பயிற்சி பெற்றவர் அல்ல. வெர்மீரின் இன்னொரு அறைக் காட்சியான ‘தி மியூசிக் லெசன்’ ஓவியத்தில் இருக்கும் அறையை, டெக்சாஸில் நிஜ அளவிலேயே கட்டினார். லென்ஸ்களையும் ஒரு சின்னக் கண்ணாடியையும் பொருத்தி, கண்ணாடியில் தெரியும் நிறமும் கேன்வாஸில் இருக்கும் நிறமும் ஒன்றாகும்வரை கலந்துகலந்து மாதக்கணக்கில் வரைந்து முடித்தார். 2013இல் ‘டிம்ஸ் வெர்மீர்’ என்ற ஆவணப்படமாகவும் வந்தது.

விளைவு அசத்தல்தான். ஆனால் அவர் வைத்திருந்தது வெர்மீர் ஏற்கெனவே எடுத்த முடிவுகளின்படி கட்டப்பட்ட அறை. நாற்காலியை எங்கே போடுவது, சுவரை எவ்வளவு காலியாக விடுவது என்பதெல்லாம் முன்பே தீர்மானமானவை. வெர்மீர் இப்படிக் கருவி பயன்படுத்தினார் என்பதற்கு எழுத்துப்பூர்வமான ஆவணமும் கிடையாது. நிறத்தைப் பொருத்துவது ஒரு திறமை. எதை எடுத்துவிடுவது என்று தெரிவது இன்னொரு திறமை. ஏஐ படங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். படம் கிடைத்துவிடும், முடிவெடுக்கும் பழக்கம் கிடைக்காது.

இவற்றை மறக்க வேண்டாம்

* எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிப்படும். துணிக் குவியல் தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.
* டர்பென்டைன் பயன்படுத்தினால் ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஏசி அறையை மூடிக்கொண்டு வரைய வேண்டாம்.
* வரையும்போது சாப்பிடாதீர்கள், பிரஷ் முனையை வாயில் வைக்காதீர்கள்.
* போன் திரையின் பிரைட்னஸ் மாறினால் நிறமும் மாறும். நல்ல பிரிண்ட் ஒன்றை ஆதாரமாக வைத்துக்கொண்டு, நுணுக்கங்களுக்கு மட்டும் போனைப் பாருங்கள்.
* வார்னிஷ் அடிக்க அவசரம் வேண்டாம். வண்ணத்தின் கனத்தைப் பொறுத்து 6 முதல் 12 மாதம் காத்திருப்பது வழக்கம்.

காப்பி முடிந்தது. பிறகு?

மத்தீஸ் மாணவராக இருந்தபோது, 1893இல் லூவரில் டச்சு ஓவியர் டே ஹேமின் உணவு மேசை ஓவியம் ஒன்றைக் காப்பி செய்தார். 22 ஆண்டுகள் கழித்து, 1915இல், அதே மேசையைத் தன் பாணியில், கோடுகளும் கட்டங்களுமாக உடைத்து மறுபடியும் வரைந்தார். முதல் படம் டே ஹேமைப் போல இருக்கும். இரண்டாவது மத்தீஸ் தவிர வேறு யாரும் வரைந்திருக்க முடியாதது. முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது.

உங்கள் மில்க்மெய்டு முகம் கோணலாக வரலாம், பால் நூல் மாதிரி இல்லாமல் கயிறு மாதிரி விழலாம். பரவாயில்லை. மூலப் படத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து அதற்கு மார்க் போடாதீர்கள். அடுத்த கேன்வாஸை எடுத்து, காலை 7 மணி வெளிச்சத்தில் உங்கள் வீட்டுச் சமையலறையை வரைந்து பாருங்கள். கேஸ் அடுப்பு, பால் பாக்கெட், ஃபில்டர், சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி. இவற்றில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று கை தயங்கி யோசிக்கத் தொடங்கினால், காப்பி அடித்தது வீண் போகவில்லை.